பொய்க்கூட்டம்

ஆறு மணிக்குத் தேடுதலை நிறுத்திவிடுவார்கள். இப்போது மணி ஒன்று பத்து.

செந்தமிழ்ச்செல்வி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த நிர்மலாதேவி அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். கடல் ஆய்வு நிலையத்தில் அவள்தான் தலைமை விஞ்ஞானி. இரண்டு நாட்களாக வீட்டுக்குப் போகவில்லை. புடவை அதைச் சொன்னது.

"போலீசிடம் சொன்னதையே எங்கிட்டயும் சொல்லுங்க. சீக்கிரமா."

"செவ்வாய்க்கிழமை விடியக்காலை கிளம்பினாங்க. எங்க ஜூனியர் முகிலன். குருசுக்குப்பத்துப் படகுக்காரர் சிலம்பரசன். அன்னிக்கு சாயங்காலமே திரும்பணும். இன்னிக்கு வியாழன்."

"எதைத் தேடிப் போனாங்க?"

"கடல் தரையில வெடிப்பு இருக்கும். அது வழியா எண்ணெயும் வாயுவும் தானாவே கசியும். யாரும் தோண்டினது இல்ல. இயற்கையா நடக்கறது."

"கடலுக்கே கேஸ் டிரபுளா?" என்றார் அம்மாவாசை.

அவர் கதவருகே நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது. மில் மூடும்வரை தறி ஓட்டியவர். மூடிய பிறகு செந்தமிழ்ச்செல்வியிடம் வந்தார். முத்தியால்பேட்டையில் மாவு மில்லுக்கு மேலே அவளுடைய துப்பறியும் அலுவலகம். மில் என்ற சொல்லைப் பார்த்துத்தான் படியேறினேன் என்று இன்றும் சொல்வார்.

நிர்மலாதேவி சிரிக்கவில்லை. கணினியைத் திருப்பினாள்.

"செவ்வாய் பகல் பதினொன்று நாற்பத்தேழுக்கு முகிலன் அனுப்பின படம். சோனார் திரையை போன்ல பிடிச்சிருக்கான். ஒரு நிமிஷம் சிக்னல் கிடைச்சிருக்கு போல. அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல."

நீல நிறத் திரை. கீழே பழுப்பில் ஒரு கோடு, கடல் தரை. அந்தக் கோட்டிலிருந்து சிவப்பாக ஒன்று எழுந்து நின்றது. காற்றில் சாய்ந்த அகல் சுடர் போல.

"படகிலேருந்து கீழே ஒலியை அனுப்புவோம். தரையில பட்டு எதிரொலி வரும். நடுவுல வாயுக் குமிழி இருந்தா அதுலயும் பட்டு வரும். இந்தச் சுடர் முழுக்கக் குமிழிதான். மூணு வருஷமா இதைத்தான் தேடினோம்."

படத்தின் கீழ் முகிலன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். *கிடைச்சுடுச்சு மேடம்.*

திரையின் மூலையில் இடத்தைக் குறிக்கும் எண்கள் இருந்தன. அதன் கீழே ஆழம்: 142 மீட்டர்.

"இந்த எண்ணை வெச்சுத்தான் தேடுறாங்களா?"

"ஆமா. அங்கேருந்து ஆரம்பிச்சு, நீரோட்டம் இழுக்கற பக்கம் வடக்கே போறாங்க. கப்பல், ஹெலிகாப்டர், குப்பத்துப் படகுங்க. ஒரு பலகைகூட கிடைக்கல."

"கடல் வரைபடத்துல அந்த இடத்தோட ஆழம் என்ன?"

நிர்மலாதேவி தயங்கினாள். "நாற்பத்தெட்டு."

"படத்துல நூத்து நாற்பத்திரண்டு."

"பார்த்தேன். குமிழி அதிகமா இருந்தா மெஷின் தரையைத் தவற விட்டுடும். ஆழத்தைத் தப்பாக் காட்டும். அது சகஜம்."

செந்தமிழ்ச்செல்வி படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கினாள். அங்கே சுடர் இல்லை. தெளிந்த நீலம். கீழே பழுப்புக் கோடு மட்டும்.

"இது படகு கசிவுக்கு வர்றதுக்கு முன்னாடி. இங்க குமிழியே இல்ல. ஆனா தரை இங்கயும் நூத்து நாற்பதை ஒட்டித்தான் இருக்கு."

நிர்மலாதேவி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தரை பொய் சொல்லல," என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "அப்ப இடம்தான் பொய் சொல்லுது. அந்த எண் எங்கேருந்து வந்துது?"

"எங்க ஜிபிஎஸ் ஆன்டெனா உப்புல போயிடுச்சு. படகுக்காரரோட ஜிபிஎஸ்லேருந்து சோனாருக்கு ஒயர் குடுத்தோம்."

அம்மாவாசை கதவைத் திறந்து பிடித்தார். "குருசுக்குப்பமா மேடம்?"

"நேரா."

---

தெரு முடியும் இடத்தில் கடல். வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள்.

சிலம்பரசனின் மனைவி தாமரைச்செல்வி உள்ளே நின்றுகொண்டிருந்தாள். காலையில் துப்பறியும் அலுவலகத்துக்குப் படியேறி வந்தவள் அவள்தான். அப்போதும் உட்காரவில்லை.

"அவரு உசுரோட இருக்காரு," என்றாள். "அது ஒண்ண மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

"அவர் ஜிபிஎஸ் சரியா வேலை செய்யுமா?"

தாமரைச்செல்வியின் முகம் மாறியது. வாசலைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வெளிய சொல்லக் கூடாது. இங்க எல்லாரும் செய்யறதுதான். மெஷின்லயே ஒண்ணு இருக்குது. இத்தினி தூரம் தள்ளிக் காட்டுன்னு போட்டு வெச்சா தள்ளிக் காட்டும். பக்கத்துப் படகுக்காரன் எட்டிப் பாத்தா தப்பு நம்பரத்தான் பாப்பான். அந்த நம்பருக்குப் போனா வெறுந்தண்ணிதான்."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கு என்னா? அதே தப்பு நம்பருக்குத் திரும்பப் போனா அதே எடம் வந்துடும். மீன் தங்கற பாறைய நாங்க பாருன்னு சொல்லுவோம். ஒரு பாரு கெடைச்சா ஒரு குடும்பம் பொழைக்கும். அத ஊருக்குக் காட்டுவாங்களா?"

"இதை ஏன் போலீஸ்ல சொல்லல?"

"படத்துல நம்பர் இருக்குதுன்னாங்க. ஆபீசு மெஷின் நம்பருன்னு நெனச்சேன். ஆபீசு பொய் சொல்லுமா?"

"நீ இந்த ஊர்லதானம்மா இருக்க?" என்றார் அம்மாவாசை.

நிலையத்தில் படகின் எண் உண்மை என்று நம்பினார்கள். வீட்டில் அதை நிலையத்தின் எண் என்று நம்பினார்கள். நடுவில் இரண்டு பேர் கடலில் இருந்தார்கள்.

"எவ்வளவு தள்ளி வெச்சிருக்கார்?"

"சொல்ல மாட்டாரு. எங்கிட்டகூட."

செந்தமிழ்ச்செல்வி அறையைச் சுற்றிப் பார்த்தாள். தூண்டில் பெட்டி. அலமாரி. சுவரில் கல்யாணப் படம். மணி இரண்டு இருபது.

"படகைக் கரையில வெச்சு போட்டோ எடுத்திருக்கீங்களா? மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போது?"

தாமரைச்செல்வி போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். விரல் நின்றது. ஆயுத பூசை. மணலில் ஏற்றிய படகு. எஞ்சினுக்கு மாலை. ஜிபிஎஸ் கருவிக்குச் சந்தனம், குங்குமம், ஓரத்தில் ஒரு வாழைப்பழம். பூசைக்காகக் கருவியை ஓட விட்டிருந்தார்கள். எண்கள் தெளிவாகத் தெரிந்தன.

அம்மாவாசை அந்த எண்களைத் தன் போனில் வரைபடத்தில் அடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மேடம், படகு திருபுவனையில நிக்குது. கரும்புத் தோட்டத்துல."

"இருபது கிலோமீட்டர் மேற்கே."

"நான் வேலை பார்த்த காலத்துல அங்க ஒரு மில்லு இருந்துது. படகும் வேலை கேட்டுப் போயிருக்கும்."

செந்தமிழ்ச்செல்வி காகிதத்தில் எழுதினாள். படகு நின்ற உண்மையான இடம். கருவி காட்டிய இடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதைச் சோனார் படத்து எண்ணோடு கூட்டினால் போதும். நிர்மலாதேவிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது.

"அது எப்ப எடுத்த படம்?" தாமரைச்செல்வி மெதுவாகக் கேட்டாள். தன்னையே கேட்பது போல.

"ஆயுத பூசைன்னீங்களே."

"அதுக்கப்புறம் நாலு அமாவாசை போயிட்டுது."

"அதனால?"

"ஒவ்வொரு அமாவாசைக்கும் அவரு மாத்துவாரு. எவனாவது கண்டுபிடிச்சிருப்பான்னு பயம்."

போனில் நிர்மலாதேவி, ஹலோ, ஹலோ என்றாள். செந்தமிழ்ச்செல்வி காகிதத்தை மடித்தாள்.

"அப்புறம் பேசறேன்," என்று வைத்தாள்.

"நாலு தடவை என் பேரைக் கெடுத்துட்டான்," என்றார் அம்மாவாசை. குரலில் விளையாட்டு இல்லை.

ஆழம் மட்டும்தான் மிச்சம். நூற்று நாற்பத்திரண்டு மீட்டர் ஆழம் மரக்காணத்திலிருந்து கடலூர்வரை நீளமாகப் போகும். அதில் எந்த இடம்?

தாமரைச்செல்வி அப்போதுதான் உட்கார்ந்தாள். தரையில்.

"கொல்லையில கயிறும் இல்ல," என்றாள்.

"என்ன கயிறு?"

"நங்கூரக் கயிறு. முந்நூறு மீட்டரு. புதுசு. கரைப்பக்கம் போனா அத எடுக்க மாட்டாரு."

செந்தமிழ்ச்செல்வி அவள் எதிரே குந்தினாள். "அப்ப எஞ்சின் நின்னா நங்கூரம் போட்டுடுவார்."

"போடுவாரு. எடத்த விட்டு நகர மாட்டாரு. தேடி வருவாங்கன்னு அங்கயேதான் இருப்பாரு."

கப்பல் வடக்கே போய்க்கொண்டிருந்தது. படகு எங்கும் போகவில்லை. இரண்டு நாளாக ஒரே இடத்தில் கட்டிக் கிடந்தது. தண்ணீர் ஒரு நாளுக்குத்தான் எடுத்துப் போயிருந்தார்கள்.

---

மணலில் பன்னிரண்டு பேர் வலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காலைத் தேடலிலிருந்து திரும்பியவர்கள். கை சும்மா இருக்காமல் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள்ல யாராவது இந்தப் படத்தைப் பார்த்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கு எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். படத்தை யாரும் காட்டவில்லை.

செந்தமிழ்ச்செல்வி போனை நீட்டினாள். ஒவ்வொருவரிடமும் இருந்த எக்கோ மெஷினும் இதே மாதிரிதான் காட்டும். மீன் கூட்டம் சிவப்பாகத் தெரியும். இவ்வளவு சிவப்பை யாரும் பார்த்ததில்லை.

"அடேங்கப்பா!"

"என்னா கூட்டம்டா இது! தரையிலேருந்து எழும்பி நிக்குது பாரு."

"பாறை மீனு. அடிச்சி சொல்றேன்."

"போடா. கானாங்கெளுத்தி."

"எந்த எடம்மா இது?"

கேட்டவன் உடனே வாயை மூடிக்கொண்டான். வெட்கப்பட்டான். போன் கைமாறியது. எல்லாரும் குனிந்தார்கள். துக்கத்துக்கு நடுவிலும் கண்கள் அகன்றன.

ஒருவர் மட்டும் குனியவில்லை. நாற்பது வயதிருக்கும். போன் அவரிடம் வந்தது. ஒரு பார்வை. அடுத்தவனிடம் கொடுத்துவிட்டார்.

"கூட்டமில்ல அது," என்றார்.

சற்று நேரம் தைத்தார். ஊசி இரண்டு முறை ஒரே கண்ணியில் போனது. பிறகு எழுந்தார். படகுகளின் பக்கம் நடந்தார். போகிற வழியில் ஒரு டீசல் கேனை எடுத்துக்கொண்டார்.

"யார் அவர்?"

"வடிவேல். சிலம்பரசனுக்குப் பங்காளி."

செந்தமிழ்ச்செல்வி பின்னால் நடந்தாள். அம்மாவாசை மூச்சு வாங்க வந்தார்.

"என்ன மேடம், அந்த ஆளு படத்தைச் சரியாக்கூடப் பார்க்கல."

"அதான். பதினோரு பேருக்கு அது மீன். நிர்மலாதேவி சொல்லித்தான் எனக்கே அது குமிழின்னு தெரியும். அவருக்கு யார் சொன்னாங்க?"

அம்மாவாசை நின்றார். "வலை போட்டுப் பார்த்தவனுக்குத் தெரியும்."

வடிவேல் படகில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி மணலில் கொட்டியது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா. ஒரு சுத்து."

"மணி நாலு. உங்க படகு அங்க போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"எங்க?"

"அந்தச் சுடர் இருக்கற இடத்துக்கு."

வடிவேல் கேனைச் சாய்த்தபடி நின்றார். அது காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

"மூணு மணி நேரம்," என்றார் கடைசியில்.

"இருட்டிடும். இருட்டுல படகைக் கண்டுபிடிப்பீங்களா? கப்பலுக்குச் சொன்னா வெளிச்சத்துலயே போயிடும். எண்ணை மட்டும் சொல்லுங்க."

"எனக்கு எந்த நம்பரும் தெரியாது."

"அங்க வலை போட்டிருக்கீங்க."

"போட்டதில்ல. சூடம் அணைச்சி சத்தியம் பண்ணியிருக்கேன். போய் கோயில்ல கேளு."

அதைச் சொன்னதும் அவர் முகம் உடைந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கதை நாலு வரிதான். போன மாதம் சிலம்பரசன் பஞ்சாயத்தில் பிராது கொடுத்தான். என் பாருக்கு வடிவேல் பின்னாலேயே வருகிறான் என்று. வடிவேல் இல்லை என்றார். சத்தியம் கேட்டார்கள். மகள் தலையில் ஒரு கையை வைத்து, மறு கையால் எரியும் சூடத்தை அணைத்தார்.

"எம் பொண்ணுக்குப் பத்து வயசு," என்றார். "நான் வாயத் தொறந்து சொன்னா சத்தியம் பொய்யாயிடும். நானே போயிக் கூட்டியாந்துடறேன். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். என்னைப் போக விடு தாயி."

"பஞ்சாயத்து படகைக் கட்டிப் போட்டுடுமேன்னு பயமா?" என்றார் அம்மாவாசை.

"படகு எரிஞ்சாலும் பரவால்லய்யா. எம் பொண்ணு."

வாதாடினால் நேரம் போகும். போலீசைக் கூப்பிட்டாலும் நேரம் போகும். பயமுறுத்தினால் அவர் பேசவே மாட்டார். கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பதினெட்டு.

"சொல்லுங்க மாமா."

தாமரைச்செல்வி படகின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"அன்னிக்கு உங்க பொண்ணு தலையில கை வைக்கச் சொன்னது யாரு?"

வடிவேல் தலை குனிந்தார்.

"நான்," என்றாள் தாமரைச்செல்வி. "அவரு வேணாம்னாரு. நாந்தான் விட மாட்டேன்னேன். கேட்டு வாங்குனது நானு. இப்ப நானே வேணாங்கறேன். ஏதாவது வந்தா எந்தலையில வரட்டும்."

"அப்படியெல்லாம் ஆவுமா தாமரை?"

"எனக்கு என்னா தெரியும்? அந்தாளு தண்ணி இல்லாம கெடக்கறாரு மாமா."

வடிவேல் படகில் ஏறினார். பலகையைத் தூக்கினார். உள்ளே துணியில் சுற்றி வைத்திருந்த ஜிபிஎஸ் கருவியை எடுத்து ஓட விட்டார். ஒரு புள்ளியைக் காட்டினார்.

"ரெண்டு தடவ வலை போட்டேன். ஒரு கெண்டைப்பொடிகூட இல்ல. பொய்க்கூட்டம். தண்ணி எண்ணெய் தேய்ச்ச மாதிரி வழவழன்னு கெடக்கும். மண்ணெண்ணெய் வாசம் வரும். பக்கத்துலயே பாறை இருக்குது. மீனெல்லாம் அதுலதான்."

செந்தமிழ்ச்செல்வி எண்களை எழுதினாள்.

"அப்படியே எழுதாத," என்றார் வடிவேல். "கெழக்கே ஒம்போது மைலு கூட்டு. வடக்க நாலு கழி."

அம்மாவாசை வானத்தைப் பார்த்தார். "இந்தக் குப்பத்துல உண்மை சொல்ற மெஷின் ஒண்ணாவது இருக்குதாய்யா?"

"பஞ்சாயத்து ஆபீசுல ஒண்ணு இருக்குது."

"அப்புறம் என்ன?"

"ரிப்பேரு."

நிர்மலாதேவி முதல் மணியிலேயே போனை எடுத்தாள். செந்தமிழ்ச்செல்வி எண்களை இரண்டு முறை படித்தாள்.

"உடனே கப்பலுக்குச் சொல்லாதீங்க. அந்த இடத்தோட ஆழத்தைப் பாருங்க முதல்ல."

காகிதம் புரளும் சத்தம்.

"லைன்ல இருக்கீங்களா?"

"நூத்து நாற்பது," என்றாள் நிர்மலாதேவி. அழுதுகொண்டிருந்தாள். "நூத்து நாற்பது மீட்டர்."

"இப்பச் சொல்லுங்க."

---

நான்கு பேரும் வடிவேலின் படகு ஓரமாக மணலில் உட்கார்ந்தார்கள். போனை நடுவில் ஒரு கட்டைமேல் வைத்தார்கள். கப்பல் வடக்கே வெகுதூரம் போயிருந்தது. திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

ஐந்து மணி. ஐந்தே கால்.

வலையைச் சுற்றி இருந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். இங்கே என்ன பேசினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

"மேடம், இல்லேன்னா?" அம்மாவாசை காதோரம் கேட்டார்.

"தெரியல."

அவர் அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. பத்து வருடத்தில் முதல் முறை.

ஐந்து நாற்பத்தொன்றுக்குப் போன் அதிர்ந்தது. ஸ்பீக்கரில் நிர்மலாதேவியின் குரல்.

"லைன்லயே இருங்க. கப்பல்ல ரேடியோவுல பேசிக்கிட்டிருக்காங்க. தண்ணில வழவழப்பா ஒரு பட்டை தெரியுதாம். மண்ணெண்ணெய் வாசம் அடிக்குதாம்."

வடிவேல் கண்ணை மூடிக்கொண்டார்.

"படகு?" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

"இன்னும் இல்ல."

அலை வந்தது. போனது. தாமரைச்செல்வி மணலை அள்ளிக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் அது வழிந்தது.

"படகு... ஒரு நிமிஷம். படகு இருக்கு. நங்கூரத்துல நிக்குது. ரெண்டு பேர். ஒருத்தர் படுத்திருக்கார். ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்."

"அசையறாங்களா?"

அம்மாவாசை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடுத்துட்டாங்க. ரெண்டு பேரும் குடிக்கறாங்க. வலைத் துண்டு ஒண்ணு எஞ்சின்ல சுத்திக்கிச்சாம். பேட்டரியை எங்க சோனார் காலி பண்ணிடுச்சாம். ரேடியோவும் செத்துப்போச்சாம். முகிலன் பேசறான்."

தாமரைச்செல்வி கையை விரித்தாள். மணல் விழுந்தது. அவள் அழவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.

"இன்னொண்ணு," என்றாள் நிர்மலாதேவி. "சிலம்பரசன் கப்பல்ல ஏற மாட்டேங்கறாராம். ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கறாராம். இந்த இடத்தை உங்களுக்கு யார் சொன்னதுன்னு."

வடிவேல் எழுந்தார். படகைப் பிடித்தார். தூரத்தில் வலைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து இந்தப் பக்கம் ஓடி வர ஆரம்பித்தார்கள்.

தாமரைச்செல்வி போனைக் கையில் எடுத்தாள்.

"நாந்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

போனுக்குள் ரேடியோ இரைந்தது.

"சொல்லிட்டாங்க. எம் பொண்டாட்டிக்கு அது தெரியவே தெரியாதேங்கறாராம்."

"வூட்டுக்கு வந்து கேக்கச் சொல்லுங்க," என்றாள் தாமரைச்செல்வி.